கடைமடைக்கு வாராத நீர்

(தஞ்சையில் நடந்த திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் பெரியீர்! கூட்டத்தை அமைத்த இளைஞர்காள்! ஐயாற்றிலிருந்தும் மன்னையிலிருந்தும் நாகைப் பக்கத்திலிருந்தும் அறுவடைப் பணிக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே!

'போரால் சிதைந்த நாட்டில் அமைதிக்கும் மீட்சிக்கும் உலக நாடுகள் செய்யும் துணை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பு பெரிது. உலகில் சிதைந்த நாடுகளும் பல. நான் ஒரு நாட்டைப் பற்றி மட்டுமே பேசப் போகின்றேன். கோடியக்கரையில் நிற்பவனுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் காங்கேயன்துறை அண்மை. நாற்பது கல் தொலைவுகூட இல்லை. அத்துணை அருகிலுள்ள மக்களின் கதையைப் பேசாமல், படத்தில் மட்டும் பார்த்த நாடுகளைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு நா எழவில்லை.

துணையை எந்த அளவுகோலால் அளப்பது? இதற்கு நான் வெளிநாட்டு அறிஞரைத் தேடிப் போகவில்லை; நம் ஊர் உழவரைக் கேட்டேன். மேட்டூர் அணையை சூன் 12-இல் திறந்தார்கள் என்று செய்தி வரும். நொடிக்கு இத்தனை ஆயிரம் கனவடி என்பார்கள். மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு நீர் வரும்; அமைச்சர் பூத்தூவுவார்; படம் எடுப்பார்கள். தலைஞாயிற்று உழவரும் திருமறைக்காட்டு உழவரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தம் வாய்க்காலைப் போய்ப் பார்ப்பர். அங்குத் தரை வெடித்துக் கிடக்கும். 'திறந்தது எவ்வளவு என்று என்னிடம் சொல்லாதே. என் மடைக்கு வந்தது எவ்வளவு என்று சொல்' என்பார் அவர். அந்தக் கடைமடை உழவரின் கேள்வியையே நானும் உலக நாடுகளிடம் கேட்கின்றேன்.

2002 பிப்ரவரி 22-இல் நோர்வே நாட்டின் நடுவாண்மையில் சிங்கள அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டனர். அதனைக் கண்காணிக்க நோர்வே, சுவீடன், பின்லாந்து, தென்மார்க்கு, ஐசுலாந்து என்னும் ஐந்து வடநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தனர். தாய்லாந்தில் பேச்சுத் தொடங்கியது. அவ்வாண்டு திசம்பரில் ஓசுலோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி முறையில் தன்னாட்சித் தீர்வை ஆராய்வது என்று இரு தரப்பும் இசைந்தன. வடக்கு கிழக்கை மீளக் கட்டுவதற்கென ஒரு துணைக்குழுவும், அதற்கென ஒரு பொருள்வைப்பும், அதனைக் காக்கும் பொறுப்பில் உலக வைப்பகமும் என்று ஏற்பாடு ஆயிற்று. தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்தப் பொருள்வைப்பு இயங்கவே இல்லை.

2003 ஏப்பிரலில் வாசிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்தில், அமெரிக்கத் தடையால் புலிகள் கலந்துகொள்ள முடியவில்லை. ஈரணியர் பேசும் பேச்சில் ஓரணியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவ்வணியினரின் நிலத்தைக் கட்டுவது பற்றிப் பேசினார்கள்! புலிகள் பேச்சிலிருந்து ஒதுங்கினர். சூன் 9, 10 நாள்களில் தோக்கியோவில் பெருங்கூட்டம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. நான்காண்டுகளுக்கு 450 கோடி அமெரிக்கத் தாலர் தருவதாக உறுதி கூறினார்கள். மேட்டூர் திறந்துவிட்டது, படமும் எடுத்தாயிற்று. ஆனால் அமைதிப் பேச்சு முன்னேறும் அளவுக்கே பணம் என்று ஒரு கதவும் வைத்தார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை முற்றிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அமைதிக்குக் கொடுக்கும் பணம் படைக்கலனாக மாறிவிடக் கூடாது என்று கொடுப்பவன் அஞ்சுவது இயல்பே. ஆனால் அக்கதவு யார் வாய்க்காலில் வைக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கொழும்புக்குப் போகும் வாய்க்கால் பல. அவை எல்லாவற்றையும் எவரும் அடைக்கவில்லை. வன்னிக்குப் போகும் வாய்க்கால் ஒன்றே; அது கட்டி முடிக்கப்படவே இல்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகாரத்துக்கான வரைவை வெளியிட்டனர். மூன்று நாள் கழித்து, தலைமையமைச்சர் இரணில் வெளிநாட்டில் இருந்த வேளையில், குடியரசுத் தலைவர் சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பேச்சு அதோடு படுத்தது.

இனி, நாகை மக்கள் நன்கறிந்த ஒரு நாளுக்கு வருகின்றேன். 2004 திசம்பர் 26. ஒரே காலை, ஒரே கடல், ஒரே அலை. நம் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்னும் பெயர்களைச் சொன்னாலே இங்குள்ள சிலர் கண் கலங்குவர். நான் விரித்துரைக்க விரும்பவில்லை. அதே அலை முல்லைத்தீவையும் வடமராட்சிக் கிழக்கையும் அம்பாறையையும் மட்டக்களப்பையும் துடைத்தெறிந்தது.

அதன்பின் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். நாகையில் உலக வைப்பகத்தின் பணமும் ஆசிய வளர்ச்சி வைப்பகத்தின் பணமும் தொண்டு நிறுவனங்களின் பணமும் வந்து, குறைநிறைகளோடு வீடுகள் எழுந்தன. குறைகளை நான் அறிவேன். கடலை விட்டுத் தொலைவில் கட்டினார்கள், வெயிலில் வேகும் கூரை போட்டார்கள் என்று மீனவர் சொன்னதெல்லாம் உண்மையே. ஆயினும் எந்த வழக்குமன்றமும் 'இப்பணம் நாகைக்குப் போகக் கூடாது' என்று தடுக்கவில்லை.

முல்லைத்தீவிலோ? ஒன்றிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் கோபி அன்னான் 2005 சனவரியில் இலங்கைக்கு வந்தார். புலிகளின் ஆட்சிப் பகுதியிலிருந்த முல்லைத்தீவுக்குச் செல்ல அவரைக் கொழும்பு விடவில்லை. அலை புரட்டிய மண்ணைப் பார்க்கவும் இசைவு வேண்டியிருந்தது! ஆறு திங்கள் இழுபறிக்குப் பின் சூன் 24-இல் கூட்டுக் கட்டமைப்பு ஒன்றுக்குக் கையெழுத்தானது. கிளிநொச்சியில் அமையும் வட்டாரக் குழுவில் புலிகள் ஐவர், முசுலிம்கள் மூவர், அரசினர் இருவர் என்பது ஏற்பாடு. அதனைக் கண்டு சிங்களப் பேரினவாதக் கட்சியினர் உச்ச நயன்மன்றம் சென்றனர். சூலை 15-இல் அதன் முகாமையான கூறுகளுக்கு இடைக்காலத் தடை விழுந்தது. அத்துடன் அது இறந்தது. பிணங்களை எண்ணி முடிக்குமுன் பங்கீட்டு வழக்கு முடிந்துவிட்டது என்க.

இங்கே மூன்றாவதாக ஒரு கரையையும் பார்க்க வேண்டும். அதே அலை அச்சே நாட்டில் ஒன்றரை நூறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. சுமத்திராத் தீவின் வடகோடியில் உள்ளது அச்சே. நம் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இலாமுரி என்று ஓர் இடம் வருகின்றதே, அது அந்தப் பக்கந்தான் என்று அறிஞர் கூறுவர். அங்கே 1976 முதல் விடுதலைப் போர் நடந்துவந்தது. அலை அடித்த எட்டாம் திங்களில், 2005 ஆகத்து 15-இல், பின்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மார்த்தி அத்திசாரியின் நடுவாண்மையில் எல்சிங்கியில் உடன்படிக்கை ஆயிற்று. போராளிகள் கருவிகளை ஒப்படைத்தனர். இந்தோனேசியா வெளியிலிருந்து கொண்டுவந்த படைகளைத் திருப்பி அழைத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்கு ஆசிய நாடுகளும் அங்கேயே இருந்து கண்காணித்தன. அம்மண்ணின் எண்ணெய், எரிவளி வருவாயில் நூற்றுக்கு எழுபது அம்மண்ணுக்கே என்று எழுதினார்கள். 2006-இல் அச்சே ஆட்சிச் சட்டம் வந்தது. அவ்வாண்டு முடிவில் முன்னாள் போராளி ஒருவரே ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அச்சே மக்கள் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டுக்கொடுத்துத்தான் இதனைப் பெற்றனர். அது சரியா என்று நம்முள் வழக்காடலாம். இங்கே அதற்கு நேரமில்லை. நான் சொல்ல வருவது வேறு. அங்கே ஆட்சியுரிமையும் உலகின் பணமும் ஒரே வாய்க்காலில் வந்தன. ஈழத்தில் பணம் ஒரு பக்கமும் உரிமை மறுபக்கமும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டும் வரவில்லை.

பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள், விரைந்து கடக்கின்றேன். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. அதனால் அவ்வொன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாடுகளின் கண்காணிப்பாளரும் வெளியேற நேர்ந்தது. 2008 சனவரியில் கொழும்பு உடன்படிக்கையையே முறித்தது. அவ்வாண்டு செபுதம்பரில் ஒன்றிய நாடுகள் அவையின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகாதீர்கள் என்று மக்கள் அவர்தம் பணிமனை வாயிலில் நின்று மன்றாடினர். 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கக் கூடும் என்று ஒன்றிய நாடுகள் அவையின் அன்றைய பொதுச்செயலாளர் அமர்த்திய வல்லுநர் குழுவே 2011-இல் எழுதியது. தம் அவை அங்கே கடமை தவறிற்று என்று அவ்வவையின் உள்ளாய்வறிக்கையே 2012-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் மே 27-ஆம் நாள், குருதி காயுமுன், செனீவாவில் மாந்தவுரிமை அவை இலங்கையைப் பாராட்டி 29 வாக்குகளால் முடிவு நிறைவேற்றியது. அந்த 29-இல் இந்தியாவின் வாக்கும் ஒன்று. இங்கிருந்து கூப்பிடு தொலைவில் விளாரில் 2013-இல் எழுந்த முள்ளிவாய்க்கால் முற்றத்துக் கற்களில் அம்மக்களின் துயரம் வெட்டப்பட்டிருக்கின்றது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு ஊர் திரும்புங்கள்.

சொற்களைப் பற்றி இடையில் ஒன்று. தமிழாசிரியன் என்பதால் பொறுத்தருள்க. ஈழத்தார் நமக்குத் தந்த சொற்கள் எத்தனை! வெதுப்பகம், வைப்பகம், உந்துருளி என்றெல்லாம் கடைப் பலகைகளில் எழுதி நடைமுறைப்படுத்தியவர்கள் அவர்கள். நாம் நூலில் எழுதி அடுக்கி வைத்தோம். ஆனால் எறிகணை, மிதிவெடி, பதுங்குகுழி என்பவையும் அவர்கள் தந்தவையே. ஓர் இனம் எந்தச் சொற்களை ஆக்க நேர்ந்தது என்பதே அதன் வரலாறு போலும்.

அந்த மிதிவெடியை அகற்றும் பணியில் உலக நாடுகளின் துணை உண்மையாகவே கடைமடைக்குப் போயிற்று என்பதை மறைக்கக் கூடாது. முகமாலையில் முன்னரங்கு இருந்த நிலம் அடிக்கு அடி வெடி புதைந்த நிலம். அங்கே தமிழ்ப் பெண்கள், போரில் கணவரை இழந்தோர் பலர் அவருள், முழங்காலிட்டு மண்ணை விரலளவாகச் சுரண்டி வெடிகளை எடுத்தனர். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பயிற்சியும் கூலியும் தந்தன. சப்பானும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் நோர்வேயும் பணம் தந்தன. நெல் விளையும் மண்ணின் அருமை தெரிந்த உங்களுக்கு, ஒரு வயலை மீட்க ஒருத்தி உயிரைப் பணயம் வைத்து நாளெல்லாம் முழங்காலில் நகர்வது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியா கட்டித்தந்த 50,000 வீடுகளையும் அவ்வாறே சொல்வேன். தில்லியைக் கடிந்து பேசியே பழகிய மேடை இது; ஆயினும் நல்லது நல்லதே. வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்டவற்றுள் மிகப் பலவற்றுக்கு, வீட்டுக்கு ஐந்தரை நூறாயிரம் இலங்கை உரூபா, தவணை தவணையாக வீட்டுக்காரரின் வைப்பகக் கணக்குக்கே நேரே போயிற்று. குத்தகைக்காரன் இல்லை, இடைத்தரகன் இல்லை. தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டான். அந்தத் தொகை போதவில்லை, பலர் கடன்பட்டனர் என்பது உண்மை. ஆயினும் நீர் மடைக்கு வந்தது. 2014 அக்குதோபர் 13-இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் தொடர்வண்டி ஓடியதும் இந்தியக் கடனில்தான். வண்டி ஓடிற்று, தண்டவாளத்துக்கு அப்பால் வலிகாமம் வடக்கில் 1990-இல் படையினர் பிடித்த நிலத்தில் ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை.

நெல்லுழவர் அனைவரும் கேட்க வேண்டிய கதை இரணைமடுக் குளத்தின் கதை. கிளிநொச்சியின் உயிர் அக்குளம். போருக்குப் பின் ஆசிய வளர்ச்சி வைப்பகத்தின் பணத்தில், அக்குளத்தைச் செப்பனிட்டு அதன் நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தார்க்குக் குடிநீர் வேண்டியதே. அவர்தம் கிணறுகள் கெட்டுவருகின்றன. ஆனால் கிளிநொச்சி உழவர் கேட்டனர்: 'மழை பொய்த்த ஆண்டில் எங்கள் சிறுபோகத்துக்கு நீர் எங்கே?' அந்தக் கேள்விக்கு நிறைவான விடை வராமலே திட்டத்தாள் அணியமாகிவிட்டது. தமிழனையும் தமிழனையும் ஒரு குளத்தின் இரு கரையில் நிறுத்திய திட்டம் அது. உழவர் அசையவில்லை, வடமாகாண அவையும் அவர் பக்கம் நின்றது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024-இல் திறக்கப்பட்டது. காவிரியில் நமக்கும் கருநாடகத்துக்கும் நடக்கும் வழக்கில் கடைமடையின் குரல் என்ன பாடுபடுகிறதென்று அறிந்த நாம், இரணைமடு உழவரின் கேள்வியைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? அவர்கள் கேட்டதற்கு அவ்வேளை ஓர் அவை இருந்தது. அவ்வவையின் காலம் 2018 அக்குதோபரில் முடிந்தது. அதன்பின் பல்லாண்டுகளாக அதற்குத் தேர்தலே நடத்தப்படவில்லை. 2023 மார்ச்சில் பன்னாட்டுப் பணவைப்பகம் ஏறத்தாழ 300 கோடித் தாலர் கடனுக்கு இசைந்ததே, அதுவும் கொழும்போடுதான். வடக்கின் உழவர் இப்போது யாரைக் கேட்பார்?

2022-இல் அத்தீவு பொருளியலால் நொடித்தபோது தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்பொடியும் உயிர்காக்கும் மருந்துகளும் தர முன்வந்தது. அதற்கும் ஏப்பிரல் 29-இல் சட்டமன்றத்தில் முடிவு நிறைவேற்றி, நடுவணரசின் இசைவை வேண்டி நிற்க நேர்ந்தது. நம் வீட்டு அரிசியை நம் உறவினர்க்கு அளக்கத் தில்லியின் படி வேண்டும்! மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் புறப்பட்டது. முள்ளிவாய்க்கால் நாளும் அதுவே. தற்செயலோ, அறியேன். தமிழர்க்கு மட்டும் என்று பிரிக்க வேண்டா, எல்லா மக்களுக்கும் தாருங்கள் என்று கேட்டவர்கள் ஈழத்தமிழர் சார்பாளர்கள். குண்டு விழுந்த மண்ணிலிருந்து சிங்களக் குழந்தைக்கும் பால்பொடி கேட்ட குரல் அது.

இவையெல்லாம் பிறர் செய்தவை, செய்யாதவை. இப்போது நம் கரைக்கு வருகின்றேன். இங்குள்ள சிலர்க்கு இது கசக்கும்.

போர்க்காலத்தில் வடக்கின் மீனவர்க்குக் கடல் பெரிதும் மூடப்பட்டிருந்தது. 2009-க்குப் பின் அவர்கள் சிறு படகும் கடன்வாங்கிய வலையுமாகக் கடலுக்குத் திரும்பினர். அவர்தம் மீட்சி அந்த வலையில்தான் இருக்கின்றது. அவ்வலையை அறுப்பது எது? நம் நாகையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் செல்லும் இழுவைப் படகுகள். அடிமடி போட்டுக் கடலின் தரையையே வாரிக்கொண்டு போகும் அப்படகு, ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு முதலை இழுத்துப் போய்விடுகின்றது. அறுந்த வலைக்குரியவன் சிங்களவன் அல்லன். பருத்தித்துறையிலும் மாதகலிலும் இருக்கும் தமிழன். 2010-இல் அவர்கள் இங்கே வந்து நம் மீனவரோடு நேரில் பேசினர். ஓராண்டுக்குள் இழுவைமடியை நிறுத்துவதாகப் பேச்சு முடிந்தது. நிறுத்தப்படவில்லை.

சிங்களக் கடற்படை நம் மீனவரைச் சுடுவதையும் சிறையிடுவதையும் நாம் கண்டிக்கின்றோம். இன்னும் வலுவாகக் கண்டிப்போம். இழுவைப் படகில் கூலிக்குப் போகும் நம் மீனவன் ஏழை என்பதையும் அறிவோம். படகின் உரியவர் பெரும்பாலும் கரையில் இருப்பவர். ஆனால் நம் மேடைகளிலும் நம் இதழ்களிலும் அறுந்த வலையைப் பற்றி ஒரு வரி வருகின்றதா? நோர்வேக்காரன் கடல் கடந்து வந்தான், ஒன்றும் செய்யவில்லை என்று பேசுகின்றோம். நாற்பது கல் தொலைவில் நாம் செய்வது என்ன?

ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறும் திட்டத்தை அரசு 2017-இல் கொண்டுவந்தது. அதிலுள்ள இடர்ப்பாடுகள் என்ன, கடன் ஏன் சுமையாகின்றது, எத்தனை படகுகள் மாறின என்பதை நாகைத் துறையில் போய் இருந்து கேட்டறிய வேண்டும். இவ்வமைப்பின் இளைஞர் ஐவரோ அறுவரோ வரும் திங்கள் அக்கரைப்பேட்டைக்கும் நாகூர்ப் பட்டினச்சேரிக்கும் போய், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் அமர்ந்து பேசட்டும். சொற்பொழிவு வேண்டா, கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதும். விடுமுறை நாளில் நானும் உடன் வருகின்றேன். அக்குறிப்பை அடுத்த திங்கட் கூட்டத்தில் படிப்போம். இசைவு கிடைத்தால் நாகை–காங்கேயன்துறைக் கப்பலில் நம்மவர் இருவரை அக்கரைக்கும் அனுப்பி, அங்குள்ள மீனவர் கழகத்தார் சொல்வதையும் கேட்டு வரச் செய்வோம். போக விரும்புவோர் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் தருக.